கணக்குப் போட்ட குதிரையும் தப்புகளை எண்ணியவரும்

1904ஆம் ஆண்டுக் கோடையில் பெர்லின் நகரின் வடபகுதியில், நாலாபுறமும் உயரமான குடியிருப்புகள் சூழ்ந்த, கல் பாவிய ஒரு முற்றத்தில், ஏறக்குறைய தினமும் உச்சிவேளையில் ஒரு கூட்டம் கூடிக்கொண்டிருந்தது. டிக்கெட் கிடையாது, உண்டியல் கிடையாது. கறுப்புத் தொப்பி வைத்த நரைத்தலைப் பெரியவர் ஒருவர் நடுவில் நிற்பார், பக்கத்தில் ஒரு குதிரை. கையில் சாட்டை இருக்காது. "ஐந்தில் இரண்டும் இரண்டில் ஒன்றும் கூட்டினால் எவ்வளவு?" என்று கேட்பார். குதிரை வலது முன்னங்காலால் தரையை ஒன்பது தடவை தட்டும், கொஞ்சம் நிறுத்தி, பத்து தடவை தட்டும். அதாவது பத்தில் ஒன்பது. கூட்டத்தில் இருப்பவர்கள் மனதுக்குள் போட்டுப் பார்த்து முடிப்பதற்குள் குதிரைக்கு ஒரு துண்டு கேரட் கிடைத்திருக்கும்.

பெரியவர் பெயர் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். குதிரை பெயர் ஹான்ஸ், ரஷ்ய ஓட்டக் குதிரை இனம். 'கெட்டிக்கார ஹான்ஸ்' என்று ஊரே கூப்பிட்டது. விலங்குகளின் அறிவை ஆராய்கிறவர்கள் இன்றைக்கும், நூற்றிருபது வருஷம் கழித்தும், இந்தக் குதிரையின் பெயரைச் சொல்லித்தான் ஒருவரையொருவர் எச்சரித்துக்கொள்கிறார்கள். இந்தக் கதையைப் பலர் கேட்டிருப்பீர்கள், ஆனால் வழக்கமாகச் சொல்லப்படுவது கடைசி வரி மட்டும்தான்: "குதிரைக்குக் கணக்குத் தெரியாது, எஜமானரின் சைகையைப் பார்த்துத் தட்டியது." அந்த வரி பொய்யில்லை. ஆனால் அதில் சுவாரசியமே இல்லை. அந்த முடிவுக்கு எப்படி வந்தார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது, அதிலும் முதலில் போன பெரிய மனிதர்கள் எல்லோரும் கோட்டைவிட்டதை ஒரு இளைஞர் எப்படிப் பிடித்தார் என்பதில்.

குதிரைக்கு என்னென்ன 'தெரிந்திருந்தது'

கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், பின்னம். 28இன் வகுத்திகள் என்ன என்று கேட்டால் 2, 4, 7, 14, 28 என்று வரிசையாகத் தட்டும். கடிகாரத்தில் மணி, காலண்டரில் தேதி. முற்றத்தில் நிற்பவர்களில் எத்தனை பேர் தொப்பி போட்டிருக்கிறார்கள் என்ற மாதிரிக் கேள்விகள். எழுத்துகளுக்கு ஒரு அட்டவணை வைத்திருந்தார்கள்: எந்த வரிசை, அந்த வரிசையில் எத்தனையாவது எழுத்து என்று இரண்டு தடவையாகத் தட்டினால் ஒரு எழுத்து, இப்படியே தட்டித் தட்டி ஒரு முழுப் பெயரை எழுத்துக்கூட்டும். 'ஆம்' என்றால் தலையை மேலும் கீழும் ஆட்டும், 'இல்லை' என்றால் இடமும் வலமும். வண்ணத் துணிகளைப் பரப்பிவைத்தால் கேட்ட நிறத்தைக் கவ்விக்கொண்டு வரும் (இதில் மட்டும் அடிக்கடி சொதப்பியது, அதற்கான காரணம் பின்னால் வருகிறது). சங்கீதத்தில் எந்த ஸ்வரம், எந்த ஸ்வரக்கூட்டு என்று கூடச் சொன்னது.

இதற்காக ஃபான் ஓஸ்டன் ஏறக்குறைய நாலு வருஷம் உழைத்திருக்கிறார். மரக்கட்டைகளை வரிசையாக நிறுத்தி, குதிரையின் காலைக் கையால் தூக்கி "ஒன்று, இரண்டு" என்று தட்டவைத்து, அப்புறம் மணிச்சட்டம், அப்புறம் கரும்பலகையில் எண்கள் என்று, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதைப் போலவே படிப்படியாகப் பாடம் நடத்தினார். விலங்குகளுக்கு மூளை இல்லாமல் இல்லை, பள்ளிக்கூடம்தான் இல்லை என்பது அவர் நம்பிக்கை. டார்வினின் கருத்துகள் ஐரோப்பா முழுக்கப் பேசப்பட்டுக்கொண்டிருந்த காலம். மனித மனமும் விலங்கு மனமும் ஒரே ஏணியின் படிகள் என்றால், ஒரு படி மேலே ஏற்றிவிட முடியாதா என்று ஒரு வாத்தியார் யோசித்ததில் தப்பு ஒன்றுமில்லை. அவர் ஏமாற்றுக்காரர் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ஆய்வு முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது.

பதின்மூன்று பேர் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள்

பத்திரிகைகள் எழுத, அது அட்லாண்டிக் தாண்டி நியூயார்க் டைம்ஸ் வரை போக, விஷயம் பெரிதாகிவிட்டது. மோசடியா நிஜமா என்று ஊர் இரண்டாகப் பிரிந்தது. 1904 செப்டம்பரில் பதின்மூன்று பேர் கொண்ட ஒரு குழு வந்தது. பெர்லின் பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் கார்ல் ஸ்டும்ஃப், விலங்குக்காட்சிச் சாலையின் இயக்குநர், கால்நடை மருத்துவர், குதிரைப்படை அதிகாரி, சர்க்கஸ் முதலாளி பால் புஷ் என்று கலவையான குழு. சர்க்கஸ்காரரைச் சேர்த்தது நல்ல யோசனை, விலங்கைப் பழக்கி வித்தை காட்டுகிறவர்களின் தில்லுமுல்லு எல்லாம் அவருக்கு அத்துப்படி.

பார்த்தார்கள். ரகசியச் சைகை எதுவும் இல்லை. முக்கியமாக, ஃபான் ஓஸ்டன் பக்கத்திலேயே இல்லாதபோதும், வேறு ஆள் கேட்டபோதும் குதிரை சரியாகப் பதில் சொன்னது. செப்டம்பர் 12 அன்று அறிக்கை கொடுத்தார்கள்: தெரிந்த வகைத் தந்திரம் எதுவும் இங்கே கையாளப்படவில்லை, மேற்கொண்டு தீவிரமாக ஆராயவேண்டிய விஷயம் இது. கவனியுங்கள், குதிரை சிந்திக்கிறது என்று அவர்கள் சொல்லவில்லை. ஆனால் ஊர் அப்படித்தான் படித்தது. 'தந்திரம் இல்லை' என்றால் 'உண்மை' என்றுதானே அர்த்தம்?

இல்லை, இங்கேதான் எல்லோரும் வழுக்கினார்கள். நம் ஊர் பூம்பூம் மாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். "நல்ல காலம் பொறக்குமா?" என்று கேட்டதும் மாடு தலையாட்டும். மாட்டுக்காரருக்குத் தெரியும், நமக்கும் தெரியும், மாடு எதிர்காலத்தைப் பார்த்து ஆட்டவில்லை, பழக்கிவைத்ததற்கு ஆட்டுகிறது. ஆட்டிவைப்பவருக்குத் தான் ஆட்டிவைப்பது தெரிந்திருக்கும் என்ற நினைப்பில்தான் குழுவும் தேடியது. ஆட்டிவைப்பவருக்கே அது தெரியாமல் இருக்கலாம் என்ற மூன்றாவது வழி யாருக்கும் தோன்றவில்லை. சூதில்லாத மனிதரிடம் போய் சூது தேடினால் என்ன கிடைக்கும்? அவருடைய நேர்மையையே குதிரையின் அறிவுக்குச் சான்றாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

என்னைக் கேட்டால் குழுவின் பெரிய தவறு வேறு. அவர்கள் ஹான்ஸ் சரியாகச் சொல்வதையே திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். ஒரு சரியான விடை எதையுமே நிரூபிக்காது, நூறு சரியான விடைகளும் அப்படித்தான், அது எந்த வழியில் வந்தது என்று அதற்குள் எழுதி ஒட்டியிருக்காது. குதிரை எப்போது தப்பு செய்யும் என்று தேடியிருந்தால் ஒரே வாரத்தில் கதை முடிந்திருக்கும்.

கூடாரத்துக்குள் ஃபுங்ஸ்ட்

ஸ்டும்ஃப் அந்த வேலையைத் தன் மாணவர் ஆஸ்கார் ஃபுங்ஸ்ட்டிடம் விட்டார். அக்டோபரில் ஃபுங்ஸ்ட் வந்ததும் முதலில் முற்றத்தில் ஒரு கூடாரம் போட்டார். கூட்டம், சத்தம், வேடிக்கை எல்லாம் வெளியே. எவ்வளவு சாதாரணமான காரியம்! விலங்கு ஆய்வில் பாதி வேலை இப்படித்தான், மேதைத்தனம் ஒன்றும் வேண்டாம், தேவையில்லாததை வெளியே தள்ளினால் போதும். இன்னொன்றும் செய்தார்: ஃபான் ஓஸ்டனை மட்டும் நம்பாமல் பல பேரைக் கேள்வி கேட்கவைத்தார், தானும் கேட்டுப் பழகினார். கொஞ்ச நாளில் ஃபுங்ஸ்ட்டின் கேள்விக்கும் ஹான்ஸ் சரளமாகப் பதில் சொல்ல ஆரம்பித்தது.

இப்போது சோதனை. எண் எழுதிய அட்டைகளைக் குதிரைக்குக் காட்டி, இது என்ன எண் என்று கேட்பது. ஒரு தடவை, கேட்பவரும் அட்டையைப் பார்த்திருப்பார். இன்னொரு தடவை, கேட்பவர் அட்டையைப் பார்க்காமலே குதிரைக்கு மட்டும் காட்டுவார். இரண்டையும் மாற்றி மாற்றி. குதிரையைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே கேள்வி, ஒரே அட்டை.

கேட்பவருக்கு விடை தெரிந்திருந்தபோது நூற்றுக்கு 98 சரி. தெரியாதபோது நூற்றுக்கு 8.

இதைவிட அழகான சோதனை ஒன்று உண்டு, எனக்கு ரொம்பப் பிடித்தது. ஃபான் ஓஸ்டன் குதிரையின் காதில் ஒரு எண்ணைக் கிசுகிசுப்பார், வேறு யாருக்கும் கேட்காது. அப்புறம் ஃபுங்ஸ்ட் போய் இன்னொரு எண்ணைக் கிசுகிசுப்பார். இப்போது இரண்டையும் கூட்டு. உலகத்தில் அந்தக் கூட்டுத்தொகை யாருக்காவது தெரியும் என்றால் அது குதிரைக்கு மட்டும்தான், மனிதர்கள் இருவருக்கும் பாதிப் பாதிதான் தெரியும். 31 தடவை செய்தார்கள், 3 சரி. ஒவ்வொரு தடவையும் முடிந்த கையோடு, எண்களை எல்லோரும் அறிய வெளிப்படையாகச் சொல்லி அதே மாதிரி இன்னொரு தடவை. 31க்கு 29 சரி.

கவனித்தால் இதில் கருவி என்று ஒன்றுமே இல்லை. ஒரு குதிரை, இரண்டு ஆட்கள், ஒரு நோட்டு. யாருக்கு எது தெரியும் என்பதை மட்டும் மாற்றினார், மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்தார், வந்த விடைகளில் தப்புகளை எண்ணினார். கூடவே, ஃபுங்ஸ்ட் பல தடவை கடியும் வாங்கினார், தப்பாகச் சொல்லிக் கேரட் கிடைக்காத குதிரை சாந்தமாக இருக்காது. எஜமானரும் சாந்தமாக இல்லை, ஹான்ஸ் தப்பு செய்யும்போதெல்லாம் அதன் மேல் எரிந்துவிழுந்தார். பிள்ளை பரீட்சையில் மானத்தை வாங்கினால் வாத்தியாருக்கு வரும் அதே கோபம். நடிப்பவருக்கு அந்தக் கோபம் வராது என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, விடை கேட்பவரிடமிருந்துதான் போகிறது. எந்த வழியாக? காது வழியா, கண் வழியா? ஜட்கா குதிரைக்குக் கட்டுவார்களே கண்பட்டை, அதைப் பெரிய அளவில் கட்டினார்கள். கேட்பவர் கண்ணில் பட்டால் ஹான்ஸ் பழையபடி சரியாகச் சொன்னது, படாதபோது விடைகள் நொறுங்கின. அதைவிட முக்கியம், கண்பட்டை கட்டியதும் ஹான்ஸ் என்ன செய்தது என்பதுதான். கயிற்றை இழுத்து, தலையைத் திருப்பி, எப்படியாவது கேட்பவரைப் பார்த்துவிடப் படாத பாடு பட்டது. இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தார்கள். படிக்கச் சொன்ன அட்டையையும், எண்ணச் சொன்ன ஆட்களையும் அது பார்ப்பதே இல்லை! ஆட்களை எண்ணச் சொன்னால் ஆட்களைப் பார்க்காமலே எண்ணுகிறது. இதை அதற்கு முன் ஆயிரக்கணக்கான கண்கள் பார்த்திருக்கின்றன. எல்லோரும் காலைத்தான் பார்த்தார்கள், தட்டலை எண்ணுகிற அவசரத்தில்.

தள்ளி நின்று கேட்டாலும் தப்புகள் கூடின. எவ்வளவு தூரமோ அவ்வளவு தப்பு. கணக்குப் புரிந்த பிள்ளைக்கு வாத்தியார் நாலடி தள்ளி நின்றால் கணக்கு மறக்குமா என்ன?

ஒரு மில்லிமீட்டர்

ஹான்ஸ் எதைப் பார்க்கிறது என்று தெரிந்துகொள்ள ஃபுங்ஸ்ட் செய்தது ரொம்ப எளிமையானது, யாரும் செய்யாதது: குதிரையை விட்டுவிட்டு மனிதரைப் பார்க்க ஆரம்பித்தார்.

கேள்வி கேட்டு முடித்ததும் கேட்பவர் தன்னையறியாமல் தலையைக் கொஞ்சம் குனிகிறார், காலைப் பார்க்கத்தானே வேண்டும், எண்ணவேண்டுமே. அந்தக் குனிவுதான் 'ஆரம்பி'. தட்டல்கள் ஏற ஏற எதிர்பார்ப்பும் ஏறுகிறது, உடம்பு இறுகுகிறது. சரியான எண் வந்த கணத்தில் அந்த இறுக்கம் விட்டுப்போய்த் தலை துளி மேலே எழும்புகிறது. அதுதான் 'நிறுத்து'. எவ்வளவு மேலே? ஃபான் ஓஸ்டனுக்குச் சராசரியாக ஒரு மில்லிமீட்டர். சில பேருக்கு அதைவிடவும் குறைவு. ஃபான் ஓஸ்டனின் அகல விளிம்புத் தொப்பி அந்த அசைவைப் பெரிதாக்கிக் காட்டியது, பாவம், அந்தத் தொப்பிக்கும் இதில் ஒரு பங்கு.

இது தெரிந்ததும் எல்லாப் புதிரும் மளமளவென்று அவிழ்ந்தன. கேள்வியே கேட்காமல் சும்மா குனிந்தால் போதும், ஹான்ஸ் தட்ட ஆரம்பித்தது, நிமிர்ந்தால் நிறுத்தியது. எந்த எண்ணை வேண்டுமானாலும் இப்படியே வரவழைக்கலாம். இன்னும் கொஞ்சம் அதிகம் குனிந்தால் வேகமாகத் தட்டும், அதனால்தான் பெரிய எண் என்றால் குதிரை வேகம் பிடிப்பதாகவும், அது விடையை முன்கூட்டியே அறிந்திருப்பதாகவும் எல்லோருக்கும் தோன்றியது. தப்பு விடைகளில் பெரும்பாலானவை சரியான எண்ணுக்கு ஒன்றோ இரண்டோ கூடவோ குறையவோ இருந்ததற்கும் இதுதான் காரணம்: கணக்கு தெரியாதவன் செய்யும் தப்பு எங்கெங்கோ போகும், இங்கே கேட்பவரின் கவனம் அரை நொடி முந்தியோ பிந்தியோ தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். வண்ணத் துணி விஷயத்தில் குதிரை கேட்பவரின் முகமும் உடம்பும் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கம் போனது. துணிகள் நெருக்கமாகக் கிடந்தால் திசை குழம்பியது, அதனால்தான் அதில் மட்டும் அவ்வளவு சொதப்பல்.

கண்டுபிடித்த ஃபுங்ஸ்ட்டே மாட்டிக்கொண்டதுதான் வேடிக்கை. எதைச் செய்யக்கூடாது என்று முழுதாகத் தெரிந்த பிறகும், அந்தத் தலை அசைவை அடக்க அவரால் முடியவில்லை. விடையை மனதில் நினைத்து எதிர்பார்த்தால் போதும், தலை தானாகவே அசைந்தது.

அப்புறம் அவர் செய்ததுதான் என் கணக்கில் இந்த ஆய்வின் உச்சம். ஆய்வுக்கூடத்துக்குப் போய்த் தானே குதிரையானார். ஆட்களை வரவழைத்து, எதிரே நிற்கவைத்து, "ஒரு எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்" என்றார், கையால் தட்ட ஆரம்பித்தார், அவர்களுடைய தலையைப் பார்த்து நிறுத்தினார். மொத்தம் 25 பேர், வந்தவர்களுக்கு எதற்காக இது என்று தெரியாது. இருவரைத் தவிர மற்ற எல்லோரும் தங்களையறியாமல் அதே அசைவைச் செய்தார்கள். கண்ணை மட்டும் நம்பாமல், தலை அசைவைப் பெரிதாக்கிச் சுழலும் உருளையில் கோடாக வரையும் கருவியையும் வைத்துப் பதிவு செய்தார், கூடவே மூச்சையும். குதிரையைப் பற்றித் தொடங்கிய ஆய்வு, மனிதர்களைப் பற்றிய ஆய்வாக முடிந்துவிட்டது.

பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பித்தவர்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை. "ஏழெட்டு... அம்பத்தி..." என்று இழுத்துக்கொண்டே வாத்தியார் புருவத்தைப் பார்ப்போம். 'அம்பத்தி நாலு' என்று வாயெடுக்கும்போது புருவம் சுருங்கினால் சட்டென்று 'ஆறு'க்குத் தாவிவிடுவோம். அதில் கிடைத்த 'சபாஷ்'களை எல்லாம் கழித்துவிட்டால் என் நாலாம் வகுப்பு மதிப்பெண் எவ்வளவு இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

அப்படியென்றால் ஹான்ஸ் முட்டாளா?

இதை மட்டும் ஏற்கமாட்டேன். நாலு வருஷப் பாடத்தை ஹான்ஸின் பக்கத்திலிருந்து பாருங்கள். மரக்கட்டைகள், கரும்பலகை, எண்கள், எழுத்துகள், இவற்றில் எதுவுமே அதற்குக் கேரட் கொடுக்கவில்லை. கேரட் வந்தது ஒரே ஒரு காரியத்துக்கு, அதாவது சரியான தட்டலில் நிறுத்தியதற்கு. சரியான தட்டல் எது என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொடுத்தது பக்கத்தில் நின்ற மனிதரின் தலை. எண்களைப் படிப்பதைவிட அந்தத் தலையைப் படிப்பது எளிது, கேரட்டும் நிச்சயம். ஹான்ஸ் தனக்கு நடத்தப்படாத பாடத்தைத் தானாகவே கற்றுக்கொண்டு, நடத்தியவரே அறியாத ஒன்றை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது. குதிரையின் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய உடம்பைச் சுற்றிலும் உள்ளதைப் பார்க்கமுடியும், சின்ன அசைவைக் கூட அது தவறவிடாது. புல்வெளியில் மேயும்போது ஓரக்கண்ணில் ஏதாவது அசைந்தால் ஓடவேண்டிய பிராணி அது. அந்தக் கண்ணுக்கு முன்னால் தொப்பி போட்ட வாத்தியார் ஒரு மில்லிமீட்டர் நிமிர்கிறார், அது போதாதா?

பதின்மூன்று பெரிய மனிதர்களுக்குத் தெரியாத அசைவைக் குதிரை பார்த்தது என்பதை நாம் 'குதிரைக்குக் கணக்குத் தெரியாது' என்ற தலைப்பில் எழுதிவைத்திருக்கிறோம். மனிதன் எதில் கெட்டியோ அதில் பரீட்சை வைத்து, அதில் தோற்றால் அறிவில்லை என்று சொல்லும் பழக்கம் இந்தத் துறையில் ரொம்ப காலம் இருந்தது. இப்போது கொஞ்சம் குறைந்திருக்கிறது.

1904 டிசம்பரில் ஸ்டும்ஃப் தன் முடிவை வெளியிட்டார், 1907இல் ஃபுங்ஸ்ட்டின் புத்தகம் வந்தது. ஃபான் ஓஸ்டன் கடைசிவரை ஏற்கவில்லை, ஆய்வாளர்கள் மேல் மனக்கசப்போடே 1909இல் இறந்துபோனார். ஹான்ஸ் எல்பர்ஃபெல்ட் நகரத்து நகை வியாபாரி கார்ல் க்ரால் கைக்குப் போனது. அவர் இன்னும் ஒரு படி மேலே போய், முகமது, ஜரீஃப் என்ற இரண்டு குதிரைகளுக்கு வர்க்கமூலம் வரை பாடம் எடுத்து ஊரைக் கூட்டினார். ஃபுங்ஸ்ட்டின் புத்தகம் வந்தபிறகுதான் இதெல்லாம் என்பதைக் கவனிக்கவேண்டும். நம்ப விரும்புகிறவரைச் சோதனை முடிவு அசைத்துவிடாது. அப்புறம் முதல் உலகப்போர் வந்தது, குதிரைகள் படைக்குப் போயின.

பேய் இன்னும் போகவில்லை

இதெல்லாம் பழங்கதை, இப்போது யார் இப்படி ஏமாறுவார்கள் என்று நினைத்தால் கலிஃபோர்னியாவில் நடந்து 2011இல் வெளியான ஒரு ஆய்வைச் சொல்லவேண்டும். போதைப்பொருளையும் வெடிபொருளையும் மோப்பம் பிடிக்கும் நாய்கள், அவற்றைக் கையாளுபவர்கள், 18 ஜோடி. ஒரு தேவாலயத்தின் நாலு அறைகளில் தேடச் சொன்னார்கள். சில இடங்களில் சிவப்புக் காகிதம் ஒட்டியிருக்கும், அங்கே வாசனைப் பொருள் வைத்திருக்கிறோம் என்று கையாளுபவர்களிடம் சொன்னார்கள். உண்மையில் எந்த அறையிலும் எதுவுமே வைக்கவில்லை. ஆக, நாய் எங்கே அடையாளம் காட்டினாலும் அது தப்புதான். மொத்தம் 144 தேடல்களில் தப்பே இல்லாமல் முடிந்தவை 21. காகிதம் இருந்த இடங்களில் அதிகமாகவே 'கண்டுபிடித்தார்கள்', நாயை இழுக்கவென்று சாசேஜ் ஒளித்துவைத்த இடங்களைவிட அதிகமாக. நாய்க்குக் காகிதம் என்றால் என்னவென்று தெரியாது, கயிற்றின் மறுமுனையில் இருந்தவருக்குத் தெரியும். நாய் அவரைப் பார்த்து அடையாளம் காட்டியதா, அல்லது நாய் சும்மா நின்றதையே அவர் கண்டுபிடித்ததாகச் சொன்னாரா என்பதை அந்தச் சோதனை பிரித்துச் சொல்லவில்லை. எப்படியானாலும் இது ஹான்ஸ் சோதனையின் நேர்வாரிசு: யாருக்கு எது தெரியும் என்பதை மாற்றினார்கள், தப்புகளை எண்ணினார்கள். முற்றத்தில் நடந்தால் வேடிக்கை, ஆனால் இந்த நாய்கள் காட்டும் அடையாளத்தை நம்பி ஆட்களைச் சோதனையிடுகிறார்கள், கைது செய்கிறார்கள்.

நாய்க்கு முன்னால் எலியும் உண்டு. 1963இல் ராபர்ட் ரோசென்தாலும் கெர்மிட் ஃபோடும் ஒரே இனத்து எலிகளை மாணவர்களிடம் கொடுத்து, பாதிப் பேரிடம் "இவை கெட்டிக்கார எலிகள்" என்றும் மீதிப் பேரிடம் "இவை மந்தமானவை" என்றும் சொன்னார்கள். புதிர்ப்பாதையில் 'கெட்டிக்கார' எலிகள்தான் நன்றாகக் கற்றன. இது வெறும் தலையசைவு இல்லை, எலியை எடுக்கும் கையின் மென்மை முதல் விடையைக் குறித்துக்கொள்வதில் காட்டும் தாராளம் வரை எதுவாகவும் இருக்கலாம்.

இதனால்தான் இன்றைய ஆய்வுக்கூடங்களில் இத்தனை கெடுபிடி. விலங்கின் பக்கத்தில் நிற்பவருக்கு விடை தெரியக்கூடாது. தெரிந்தே தீரவேண்டுமென்றால் திரைக்குப் பின்னால் நிற்கவேண்டும், அல்லது கறுப்புக் கண்ணாடி போடவேண்டும், அல்லது கேள்வியைத் தொடுதிரையிடம் விட்டுவிடவேண்டும். காணொளியில் விலங்கின் நடத்தையைக் குறிப்பவருக்கு அது எந்தச் சோதனை என்றே சொல்லமாட்டார்கள். 2016இல் வெளியான ஒரு ஆய்வில் இங்கிலாந்தின் சஸெக்ஸ் பல்கலைக்கழகக் குழு, குதிரைகளுக்கு மனித முகங்களில் கோபமும் சிரிப்பும் வேறுபட்டுத் தெரிகிறதா என்று 28 குதிரைகளை வைத்துப் பார்த்தது. கோபமான முகத்தின் படத்தைப் பார்த்ததும் இதயத் துடிப்பு சீக்கிரம் ஏறியது, தலையைத் திருப்பி இடது கண்ணால் பார்த்தன. அந்தக் கட்டுரையை வாசித்தபோது நான் முதலில் தேடியது முடிவை இல்லை, படத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களுக்கு அது எந்தப் படம் என்று தெரியுமா என்பதைத்தான். தெரியாது, அப்படித்தான் ஏற்பாடு செய்திருந்தார்கள். ஃபுங்ஸ்ட் கேட்டிருக்கக்கூடிய கேள்விக்கு அவர்கள் முன்பே பதில் வைத்திருந்தார்கள்.

ஒரு குறை எனக்கு உண்டு. ஹான்ஸ் மேல் வந்த பயத்தில், விலங்குகள் மனிதரைப் படிக்கும் திறமையையே பல வருஷம் தூசி மாதிரித் துடைத்துப் போட்டுவிட்டார்கள். அதைத் துடைத்துவிட்டு மீதி இருப்பதுதான் 'உண்மையான' அறிவு என்றார்கள். கடந்த முப்பது வருஷங்களாகத்தான், நாய் நம் விரல் காட்டும் திசையை எப்படிப் புரிந்துகொள்கிறது, குதிரை நம் பார்வையை எப்படித் தொடர்கிறது என்று அந்தத் தூசியையே ஆராய்கிறார்கள். ஹான்ஸுக்கு அந்தப் பரீட்சை வைத்திருந்தால் முதல் மதிப்பெண் வாங்கியிருக்கும்.

இதை எழுத உட்காருவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மகளைக் கூப்பிட்டு, அவள் பத்து வயசுக்காரி, என்ன ஏது என்று சொல்லாமல், "நான் ஒரு எண் நினைக்கிறேன், நீ மேஜையைத் தட்டிக்கொண்டே என்னைப் பார், எங்கே நிறுத்தணும்னு தோணுதோ அங்கே நிறுத்து" என்றேன். முதல் நாலைந்து தடவை எங்கெங்கோ போய் நிறுத்தினாள். நானும் ஃபுங்ஸ்ட்டைப் படித்தவன் இல்லையா, தலையைச் சுவரில் சாய்த்துக் கழுத்தை இரும்பு மாதிரி வைத்துக்கொண்டேன். பிறகு நான் ஏழு நினைத்தேன், ஏழில் நிறுத்தினாள். பதினொன்று நினைத்தேன், பதினொன்றில் நிறுத்தினாள். தலை அசையவே இல்லை என்று சத்தியம் செய்வேன்.

"எப்படிடி?"

"மூச்சு விட்டீங்க மாமா."